பயிற்சியில் விழும் பந்து மேட்சில் விழுவதில்லை: எதை மாற்றுவது?

நீலஜெர்சி (கோவை)

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கூடைப்பந்து அணியில் ஷூட்டிங் கார்டு, அதாவது தூரத்திலிருந்து பந்து போட வேண்டியவன். காலையில் தனியாகப் போய் நின்றால் ஃப்ரீ த்ரோவும் (ஃபவுலுக்குக் கோட்டில் நின்று தடையின்றிப் போடுவது) கார்னரிலிருந்து போடும் த்ரீ பாயின்டரும் (தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்) வரிசையாக விழுகின்றன. பார்ப்பவர்கள் நல்ல கை என்கிறார்கள். மண்டலப் போட்டி தொடங்கியதும் அந்தக் கை எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று தெரியவில்லை. முதல் ஷாட் ரிங்கில் பட்டு வெளியே வந்துவிட்டால் அவ்வளவுதான். பிறகு என்னைச் சுற்றி ஒருவரும் இல்லாவிட்டாலும் ரிங்கைப் பார்க்காமலேயே பந்தை அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறேன்.

"தன்னம்பிக்கையோடு ஆடு" என்று வீட்டிலும் சொல்கிறார்கள், கோர்ட்டிலும் சொல்கிறார்கள். அது எந்தக் கடையில் விற்கிறது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. பயிற்சியில் எதை மாற்றினால் மேட்சில் கை வரும்? ஆடியவர்கள், ஆடவைத்தவர்கள் சொல்லுங்கள்.

ரீபவுண்டர் (திருச்சி)

தம்பி, எல்லாம் மனதில்தான் இருக்கிறது. இரவு படுப்பதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு பந்து வலையில் விழுவதைப் பத்து நிமிடம் நினைத்துப் பாருங்கள். மேட்சுக்கு முன் பிடித்த பாட்டைக் கேளுங்கள். பயம் போய்விடும்.

பழைய_விசில் (தேனி)

ரீபவுண்டர் சொன்னதில் தவறில்லை. செலவில்லாத வைத்தியம், செய்துவிட்டுப் போகட்டும். எனக்கு உறுத்துவது நீலஜெர்சியின் காலைப் பயிற்சிதான். பள்ளி அணிகளைப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தக் குறையோடு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பயிற்சியில் சோம்பேறிகள் அல்லர். மிகவும் வசதியான பயிற்சி செய்கிறவர்கள்.

ஒரே இடத்தில் நிற்கிறீர்கள். பந்து திரும்பத் திரும்பக் கைக்கு வருகிறது. முதல் ஷாட் சற்றுக் குறைவாகப் போகிறது, இரண்டாவதில் கூட்டுகிறீர்கள், மூன்றாவது விழுகிறது. அதற்குப் பிறகு கைக்கு அளவு பிடிபட்டுவிடுகிறது, தொடர்ந்து விழுகின்றன. "நன்றாகப் போடுகிறேன்" என்ற எண்ணத்தோடு வீட்டுக்குப் போகிறீர்கள். மேட்சில் அந்த நான்காவது, ஐந்தாவது ஷாட் உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. நான்கு நிமிடம் ஓடிய பிறகு, நீங்கள் தேர்ந்தெடுக்காத ஓர் இடத்தில், முகத்துக்கு நேரே ஒரு கை நீண்டிருக்கும்போது, ஷாட் போட அணிக்குத் தரும் 24 விநாடிக் கடிகாரம் தீரப்போகிற நேரத்தில் ஒரு பந்து வரும். அதைப் போட்டுவிட்டு மறுபடி டிஃபென்ஸுக்கு ஓட வேண்டும். மேட்சில் வருவது எல்லாமே முதல் ஷாட்தான். அதை நீங்கள் ஒருநாளும் பயிலவில்லை. பயிலாததைச் செய்யும்போது பயம் வருவது இயல்பு. அதை மனக்கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1979இல் ஷியா, மார்கன் என்ற இருவர் கை அசைவுகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு குழு ஒரே அசைவைத் தொடர்ந்து செய்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. இன்னொரு குழு எல்லாவற்றையும் கலந்து கலந்து செய்தது. பயிற்சி நேரத்தில் முதல் குழுதான் வேகமாக இருந்தது. சில நாள் கழித்து இரு குழுக்களையும் சோதித்தபோது கலந்து பயின்றவர்களுக்கே கைப்பழக்கம் நிலைத்திருந்தது. ஆய்வுக்கூடத்து வேலை வேறு, கோர்ட் வேறு என்று நீங்கள் சொல்லலாம். நான் கோர்ட்டில் பார்ப்பதும் அதையேதான்.

ஆகவே நாளையிலிருந்து ஒரே இடத்தில் இரண்டு ஷாட் போடாதீர்கள். கார்னரில் ஒன்று, ஓடிவந்து ஃப்ரீ த்ரோ கோட்டின் முனையில் ஒன்று, அடுத்து எதிர்ப்பக்கம் ஒரு லே-அப் (ஓடிவந்து ரிங்குக்கு அருகில் எழும்பிப் போடுவது). ஃப்ரீ த்ரோ என்றால் இரண்டே இரண்டு. மேட்சில் பெரும்பாலும் அவ்வளவுதான் தருவார்கள். போட்டவுடன் எதிர் ரிங் வரை ஓடித் திரும்புங்கள். மூச்சு வாங்க வேண்டும். அந்த மூச்சோடு அடுத்த இரண்டு. ஒரு நோட்டில் இந்த முதல் ஷாட்டுகளை மட்டும் எழுதி வாருங்கள். முதல் வாரம் எண்ணிக்கை அசிங்கமாகத்தான் இருக்கும். கவலை வேண்டாம், உங்கள் உண்மையான கணக்கு அதுதான். காலையில் வரிசையாக விழுந்ததெல்லாம் கிணற்றுப் படியில் உட்கார்ந்து கால் நனைத்த கணக்கு.

நீலஜெர்சி (கோவை)

சார், இதைப் படித்துவிட்டு இன்று மாலையே செய்து பார்த்தேன். நீங்கள் சொன்னதைவிட அசிங்கமாக இருந்தது. ஆனால் ஒரு சந்தேகம். இப்படிச் செய்தால் இருக்கிற கொஞ்ச நம்பிக்கையும் போய்விடாதா?

எண்கணக்கன் (சென்னை)

போகும். அதனால்தான் நான் இடையில் புகுகிறேன். பழைய விசில் சார் சொல்வதைப் பார்த்தால் திறமை வந்துவிட்டால் நம்பிக்கை தானாகப் பின்னால் வந்துவிடும் போலிருக்கிறது. அப்படியானால் நிக் ஆண்டர்சனை எங்கே வைப்பது?

1995, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் இறுதிச்சுற்று, முதல் மேட்ச். ஆண்டர்சனின் ஆர்லாண்டோ மேஜிக் மூன்று புள்ளி முன்னிலை, எதிரே ஹூஸ்டன் ராக்கெட்ஸ். ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருக்கும்போது ஆண்டர்சனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒன்று விழுந்தாலே ஏறக்குறைய முடிந்த கதை. இரண்டும் தவறின. தவறித் திரும்பிய பந்தும் (ரீபவுண்ட்) அவர் கைக்கே வந்து, மறுபடி ஃபவுல், மறுபடி இரண்டு. அவையும் தவறின. ஹூஸ்டன் ஒரு த்ரீ பாயின்டர் போட்டுச் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் வென்று, அந்தத் தொடரையே 4–0 என்று எடுத்துக்கொண்டது. அந்தப் பருவத்தில் ஆண்டர்சனின் ஃப்ரீ த்ரோ சுமார் 70 சதவீதம். இரண்டு பருவம் கழித்து, 1996–97இல், 40 சதவீதம். கை அதே கை. கோடு அதே கோடு. பல ஆண்டு பயிற்சி எங்கே ஆவியானது? திறமை இருந்தும் நம்பிக்கை போகும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பழைய_விசில் (தேனி)

நல்ல சாட்சிதான், ஏற்கிறேன். ஆனால் நான் சொன்னதை நீங்கள் சற்று மாற்றிவிட்டீர்கள். திறமை வந்தால் நம்பிக்கை ஒருபோதும் போகாது என்று நான் எழுதவில்லை. போனால் திரும்பிவரத் திறமையைத் தவிர வேறு வழி இல்லை என்கிறேன்.

அதே என்.பி.ஏ.வில் ஆடிய கார்ல் மலோனைப் பாருங்கள். 1985–86இல் முதல் பருவம் ஆடும்போது ஃப்ரீ த்ரோ 48 சதவீதம். சில பருவங்களிலேயே 70ஐத் தாண்டிவிட்டார். ஆட்டவாழ்க்கை முழுவதற்கும் 74. ஒவ்வொரு முறையும் கோட்டில் நின்று பந்தைக் கையில் சுழற்றி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போடுவார். என்ன முணுமுணுத்தார் என்பது நமக்குத் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் அதே வரிசை என்பதுதான் முக்கியம்.

2021இல் மில்வாக்கி அணியின் யானிஸ் ஆண்டெடகூன்போவின் ஃப்ரீ த்ரோ மிகவும் மெதுவாக இருக்கிறது என்று எதிரணி ரசிகர்கள் அரங்கமே அதிர ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார்கள். அங்கே பத்து விநாடிக்குள் போட வேண்டும். அந்த விதியை மீறியதாக விசிலும் ஊதப்பட்டது. அந்த ஆண்டின் பிளே ஆஃப் (கோப்பைக்கான கடைசிக்கட்டச் சுற்றுகள்) முழுவதையும் கூட்டினால் அவர் 60 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அப்படியும் அவர் தன் முறையைக் கைவிடவில்லை. கோப்பையை முடிவுசெய்த ஆறாவது மேட்சில் 19க்கு 17 போட்டார். மொத்தம் 50 புள்ளி. மில்வாக்கி சாம்பியன். சதவீதத்தைப் பார்த்து நம்பியிருந்தால் அவர் அன்று கோட்டுக்கே போயிருக்க மாட்டார். எத்தனை தவறினாலும் மாறாத ஒரு முறை கையில் இருந்தது.

எண்கணக்கன் (சென்னை)

மாறாத முறை என்றால் பழைய என்.பி.ஏ. ஆட்டக்காரர் சேம்பர்லின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1962 மார்ச் 2, ஹெர்ஷியில் 100 புள்ளி எடுத்த மேட்சில் வில்ட் சேம்பர்லின் போட்ட ஃப்ரீ த்ரோ 32க்கு 28. அந்தப் பருவத்தில் அவர் பந்தை இரண்டு கையாலும் பிடித்துத் தொடைக்குக் கீழிருந்து மேலே எறிந்துகொண்டிருந்தார். அவருடைய வாழ்நாளின் சிறந்த ஃப்ரீ த்ரோ பருவம் அது, 61 சதவீதம். பிறகு விட்டுவிட்டார். அப்படிப் போடுவது பெண்பிள்ளைத்தனமாகத் தெரிகிறது என்ற வெட்கம்தான் காரணம் என்று பின்னாளில் அவரே எழுதினார். 1967–68இல் 38 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார். அதே முறையில் போட்ட ரிக் பேரி யார் சிரித்தாலும் கவலைப்படாமல் 90 சதவீதத்தை ஒட்டியே ஆடி முடித்தார். கைக்கு வந்த வித்தையை வெட்கம் தின்றுவிட்டது. இதற்கு உங்கள் நோட்டுக் கணக்கில் எந்தப் பக்கம்?

ரீபவுண்டர் (திருச்சி)

நான் இரண்டு வரியில் சொன்னதைத்தான் நீங்கள் இருவரும் அமெரிக்கா வரை போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆறாம்நம்பர்_பந்து (சென்னை)

அண்ணன்மார் எல்லோரும் ஷூட்டிங்கைச் சுற்றியே வருகிறீர்கள். நீலஜெர்சி எழுதியதை இன்னொரு முறை படியுங்கள். "ரிங்கைப் பார்க்காமலேயே" தள்ளிவிடுகிறாராம். ரிங்கைப் பார்க்காதவருக்கு ஷாட் விழுமா விழாதா என்ற பேச்சே எழாது. அவர் கண் எங்கே இருக்கிறது? என் அனுமானம், பந்தின் மேல் இருக்கிறது. பந்து பறிபோய்விடும் என்ற பயம் உள்ளவர்தான் கைக்கு வந்த பந்தை உடனே கழற்றிவிடுவார்.

பல்கலைக்கழக அணி வரை ஆடியவள் நான். என் இடதுகை வெறும் அலங்காரமாக இருந்த காலம் உண்டு. டிஃபென்ஸில் நிற்கிறவள் இரண்டு நிமிடத்தில் அதைக் கண்டுபிடித்துவிடுவாள். வலப்பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்பாள், அதோடு நான் பாதி ஆட்டக்காரி. எங்கள் அக்கா ஒருவர், அணியின் மூத்த ஆட்டக்காரர், ஒரு மழைக்காலம் முழுவதும் என்னை இடதுகை லே-அப் மட்டும் போடவைத்தார். முதலில் பந்தே இல்லை. இடதுகால், வலதுகால், வலதுகாலில் எழும்பு, இடது முழங்கால் மேலே, இடதுகை போர்டை நோக்கி. வலதுகைக்காரர்களுக்கு இந்தக் கால்வரிசை தலைகீழ் என்பதால் உடம்பு கேட்காது. இரண்டு காலும் ஒன்றையொன்று தட்டும். நடந்து, பிறகு மெதுவாக ஓடி, அதற்குப் பிறகுதான் பந்து. பந்தைப் போர்டில் வரைந்திருக்கும் சிறு கட்டத்தின் மேல்மூலையில் மெல்ல வைக்க வேண்டும், அடிக்கக்கூடாது.

அந்த வித்தை கைக்கு வந்த பிறகு நான் இடப்பக்கம் அதிகம் போகவேயில்லை என்பதுதான் வேடிக்கை. போக முடியும் என்று எதிரே நிற்கிறவளுக்குத் தெரிந்துவிட்டது, வலப்பக்கம் தானாகத் திறந்துகொண்டது. தலை நிமிர்ந்தது. தலை நிமிர்ந்த பிறகுதான் ரிங் கண்ணில் பட்டது.

தலை நிமிர்த்த எளிய பயிற்சி ஒன்று: தோழி ஒருத்தி மூன்று அடி தள்ளி நின்று விரல்களைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நீங்கள் பலவீனமான கையால் தாழ்வாக டிரிப்ளிங் செய்தபடி எத்தனை விரல் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். கண் கீழே போனால் எண் தப்பும். அவ்வளவுதான் கருவி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாலையில் பொதுக் கோர்ட்டில் பையன்கள் ஆடும்போது நாங்கள் போனால் சேர்த்துக்கொள்வார்கள், பந்து மட்டும் வராது. பாஸ் வரும்வரை காத்திருந்தால் இருட்டிவிடும். ரீபவுண்டுக்கு இடம்பிடிப்பது, ஸ்கிரீன் வைப்பது (எதிராளியின் வழியை மறித்து நிற்பது), டிஃபென்ஸில் பேசிக்கொண்டே இருப்பது ஆகிய மூன்றுக்கும் யாருடைய பாஸும் தேவையில்லை. ரீபவுண்டை எடுத்தால் பந்து என்னிடம்தானே இருக்கிறது! ஷாட் விழாத நாளில் நிற்பதற்கு எனக்கு ஓர் இடம் இருந்தது, அது ரிங்குக்குக் கீழே. எங்கள் ஊர் அனிதா பால்துரை 18 ஆண்டுகள் இந்தியாவுக்கு ஆடி, நடுவில் தாயாகி, திரும்பவும் வந்து ஆடி, 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர். அத்தனை ஆண்டும் ஒவ்வொரு மேட்சிலும் ஷாட் விழுந்துகொண்டே இருந்திருக்கும் என்றா நினைக்கிறீர்கள்?

நீலஜெர்சி (கோவை)

அக்கா, கண் பந்தின்மேல்தான் இருக்கிறது. நீங்கள் எழுதிய பிறகு அணியின் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். நன்றி.

சனிக்கிழமை_கோர்ட் (ஸ்காபரோ, கனடா)

வணக்கம். இங்கே எங்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் கூடைப்பந்து பழக்குகிறேன். 2019இல் எங்கள் ரொறன்ரோ அணி ராப்டர்ஸ் என்.பி.ஏ. கோப்பை வென்றதிலிருந்து பிள்ளைகள் எல்லோருக்கும் கோர்ட்டுக்கு வந்தவுடன் பாதிக் கோட்டிலிருந்து எறிய வேண்டும். காரணம் கேட்டால், தூரத்து ஷாட்டுக்குப் பேர்போன ஸ்டீபன் கறி என்கிறார்கள். நான் அவர்களுக்குக் கறியின் இன்னொரு கதையைச் சொல்லுவேன்.

கறியின் தகப்பனார் டெல் கறி கடைசிப் பருவங்களை எங்கள் ராப்டர்ஸில்தான் ஆடினார்; மகனும் அப்போது கொஞ்சக் காலம் ரொறன்ரோவில் படித்தார். சிறிய உடம்பு என்பதால் இடுப்புக்குப் பக்கத்திலிருந்து பந்தைத் தூக்கி எறிகிற பழக்கம் அவருக்கு இருந்தது. அப்படியும் நன்றாக விழுந்தது! உயர்நிலைப் பள்ளியில் இருந்தபோது, பெரிய ஆட்டக்காரர்கள் முன்னால் இது தடுக்கப்படும் என்று சொல்லி, பந்தைத் தலைக்கு மேலிருந்து விடும்படி தகப்பனார் மாற்றச் சொன்னார். ஒரு கோடைவிடுமுறை முழுவதும் அந்த வேலை. பல வாரங்கள் ரிங்குக்குப் பக்கத்தைவிட்டு வெளியே வந்து போட முடியாத நிலை. தன் வாழ்க்கையில் மிகக் கடினமான கோடை அது என்று அவர் பின்னர் சொல்லியிருக்கிறார். பெரிய கல்லூரிகள் எதுவும் அவரைக் கேட்கவில்லை. டேவிட்சன் என்ற சிறிய கல்லூரிக்குப் போனார். 2009இல் ஏழாவது ஆளாக என்.பி.ஏ.க்குத் தேர்வு. 2015–16இல் ஒரே பருவத்தில் 402 த்ரீ பாயின்டர்.

இதில் நீலஜெர்சி தம்பிக்கு இரண்டு விடயம். ஒன்று, திருத்தம் தொடங்கும்போது கை முதலில் கெடும், அது கணக்கில் உள்ளதுதான். இரண்டு, அந்த வேலையைப் பருவம் நடக்கும்போது செய்யாதீர்கள். போட்டிகள் முடிந்த பிறகு செய்யுங்கள். இங்கே பிள்ளைகளுக்கு ரிங்கிலிருந்து ஓரடி தள்ளி, ஒற்றைக் கையால், ரிங்கில் படாமல் தொடர்ந்து ஐந்து விழுந்தால்தான் ஓரடி பின்னால் போக அனுமதி. தவறினால் ஓரடி முன்னால். சலிப்பாக இருக்கிறது என்பார்கள். சலிக்கட்டும்.

எண்கணக்கன் (சென்னை)

ரிங்கில் படாமல் என்றீர்களே, அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ரிங்கின் உள்விட்டம் 45 செ.மீ., ஆண்கள் ஆடும் 7ஆம் எண் பந்தின் விட்டம் ஏறத்தாழ 24 செ.மீ. நேர் மேலிருந்து விழுகிற பந்துக்கு 45 செ.மீ. வாசலும் திறந்திருக்கும். 45 டிகிரியில் இறங்கினால் கிடைக்கிற வாசல் 32 செ.மீ. தட்டையாக 30 டிகிரியில் வந்தால் இருப்பது 22.5 செ.மீ.தான், 24 செ.மீ. பந்து ரிங்கில் படாமல் உள்ளே போக வழியே இல்லை.

பயம் வந்தால் முழங்கால் மடங்குவதில்லை, கை மட்டும் தள்ளும், பந்து தட்டையாகப் போகும். களைப்பிலும் அப்படித்தான். ஆகவே மேட்சில் ஷாட் தவறும்போது "எனக்கு நம்பிக்கை இல்லை" என்று உள்ளே தேடுவதைவிட, பந்து ரிங்கின் முன்விளிம்பில் படுகிறதா என்று பாருங்கள். படுகிறதென்றால் காலைக் கூட்டுங்கள். கால் கேட்கும், மனம் கேட்காது. இந்த ஒரு விஷயத்தில் பழைய விசில் சார் பக்கம் நான்.

பழைய_விசில் (தேனி)

என் பக்கம் வந்ததற்கு நன்றி. கண்ணைப் பற்றியும் ஒரு வரி. கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜோன் விக்கர்ஸ் 1996இல் ஃப்ரீ த்ரோ போடுகிறவர்களின் பார்வையை ஆராய்ந்தார். நன்றாகப் போடுகிறவர்கள் கையை அசைக்கத் தொடங்குவதற்கு முன்பே ரிங்கில் ஓரிடத்தில் பார்வையை நிறுத்திவிடுகிறார்கள், நீண்ட நேரம் வைத்திருக்கிறார்கள். தடுமாறுகிறவர்களின் பார்வை ரிங், போர்டு, வலை என்று அலைகிறது. என் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: பந்தை வழக்கம்போல் தரையில் தட்டு, மூச்சை விடு, ரிங்கின் முன்விளிம்பில் ஓரிடத்தைப் பிடி, பிறகு முழங்கால். நம் ஊர் விதிப்படி ஃப்ரீ த்ரோவுக்கு ஐந்து விநாடிதான், யானிஸைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

கேலரி_அப்பா (மதுரை)

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். என் மகனுக்கு 12 வயது. ஓர் அகாடமியில் சேர்த்திருக்கிறேன். ஷாட் தவறினால் பயிற்சியாளர் அடுத்த நிமிடமே வெளியே அழைத்து உட்காரவைத்துவிடுகிறார். இப்போது பையன் ஷாட்டே போடுவதில்லை. பந்து கைக்கு வந்தால் முதலில் பெஞ்சைத் திரும்பிப் பார்க்கிறான். வீட்டில் வாசலில் மாட்டியிருக்கும் சிறிய ரிங்கில் நன்றாகப் போடுகிறான். நான் என்ன செய்வது?

ஆறாம்நம்பர்_பந்து (சென்னை)

அகாடமியை மாற்றுங்கள் சார்.

பழைய_விசில் (தேனி)

மாற்றுவதற்கு முன் ஒருமுறை பேசிப் பாருங்கள். பலருக்குத் தாங்கள் செய்வது தெரிவதில்லை. தவறிய ஷாட்டுக்காக வெளியே எடுத்தால் பையன் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: போடாமல் இருப்பதே பாதுகாப்பு. நான் எங்கள் பயிற்சி ஆட்டத்தில் வைத்திருக்கும் விதி வேறு. ஆள் இல்லாமல் நின்று, தன் தூரத்தில் இருந்து, போடாமல் பாஸ் கொடுத்தால் அது டர்ன் ஓவர், பந்து எதிரணிக்கு. போட்டுத் தவறினால் ஒன்றும் இல்லை, ஆட்டம் தொடரும். முதல் நாள் எல்லோரும் கத்துவார்கள். பிறகு அணியில் இருப்பவர்களே "போடு, போடு" என்று குரல் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நீலஜெர்சி, உங்கள் பயிற்சியாளரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்; உங்கள் நோய்க்கு நேரான மருந்து.

கேலரி அப்பா, இன்னொரு கேள்வி. அகாடமியில் பையன் எந்த அளவுப் பந்தில் ஆடுகிறான்?

கேலரி_அப்பா (மதுரை)

7ஆம் எண். எல்லோருக்கும் அதுதான். பெரிய பந்தில் பழகினால் பலம் வரும் என்றார்கள்.

பழைய_விசில் (தேனி)

பலம் வராது, கோணல் வரும். 12 வயதுக்கு 5 அல்லது 6 போதும். 7ஆம் எண் பந்தை 3.05 மீட்டர் உயரத்துக்கு அனுப்ப அந்தக் கைக்கு வலு இல்லாததால் தோளிலிருந்து தூக்கி எறிவான், முழங்கை வெளியே விரியும். அது பழகிவிட்டால் பதினாறு வயதில் உட்கார்ந்து பிரிக்க வேண்டியிருக்கும். வாசல் ரிங்கில் அவன் எந்தப் பந்தில் போடுகிறான் என்று பாருங்கள், சிறியதாக இருக்கும். அவனுக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. பந்துதான் பொருந்தவில்லை.

தோள்பட்டை (வேலூர்)

பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் நம்பிக்கைக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். மார்கெல் ஃபுல்ட்ஸ் 2017இல் என்.பி.ஏ. தேர்வில் முதல் ஆள். கல்லூரியில் நன்றாகப் போட்டவர், பிலடெல்பியாவுக்கு வந்ததும் ஃப்ரீ த்ரோகூடப் பாதியில் தடுக்கிநின்று போடுவதுபோல் ஆகிவிட்டது. வீடியோவைப் போட்டுப் போட்டு உலகமே சிரித்தது, மனக்கோளாறு என்று எல்லோரும் தீர்ப்பு எழுதினார்கள். 2018 டிசம்பரில் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே நரம்பு நெருக்கப்படுகிற ஒரு நோய் அவருக்கு இருப்பதாகக் கண்டறிந்தார்கள். கை மரத்துப்போவது, விரல் கூசுவது, தோளை உயர்த்தினால் வலி, இவற்றில் ஏதாவது இருந்தால் நோட்டை மூடிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நீலஜெர்சிக்கு இது இல்லை, தனியாக நன்றாகப் போடுகிறார் என்பதால். ஆனால் இந்த இழையை இன்னொருவர் படிப்பார்.

ரீபவுண்டர் (திருச்சி)

ஒரு ஷாட் விழாததற்கு நரம்பு, பந்து, டிகிரி, பெஞ்ச்! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

நீலஜெர்சி (கோவை)

எங்கள் கூடம் உண்மையிலேயே கோணல்தான் அண்ணா. சிமெண்ட் கோர்ட், ஒரு ரிங் முன்பக்கம் தொங்குகிறது, இன்னொன்றில் வலை கிடையாது. ஆறரைக்கு இருட்டிவிடும். பந்தை எடுத்துக் கொடுக்க ஆளும் இல்லை. பழைய விசில் சார் சொன்ன ஓட்டத்தோடு பந்தையும் நானே துரத்துவதால் அரை மணி நேரத்தில் முடிந்துபோகிறேன். வழி சொல்லுங்கள்.

ஆறாம்நம்பர்_பந்து (சென்னை)

பந்தைத் துரத்துவதே ஓட்டம்தானே, தனியாக ஏன் ஓடுகிறீர்கள்? தவறிய பந்தை இரண்டாவது முறை தரையில் குதிப்பதற்குள் பிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த இடத்திலிருந்து இடதுகையால் டிரிப்ளிங் செய்து அடுத்த இடத்துக்கு வாருங்கள், அங்கே நின்று போடுங்கள். ரீபவுண்ட், இடதுகை, மூச்சு, முதல் ஷாட் எல்லாம் ஒரே சுற்றில் முடிந்தன.

பழைய_விசில் (தேனி)

தங்கை சொன்னதைச் செய்யுங்கள், நான் சொன்னதைவிட நன்றாக இருக்கிறது. தொங்கும் ரிங்கை விட்டுவிடுங்கள். அது இருக்கிற அளவைக் கெடுத்துவிடும். லே-அப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வலை இல்லாத ரிங்கில் ஷாட் போடலாம், ஒன்றும் குறையாது. சிமெண்டுக்குத் தோல் பந்து வேண்டாம், ஒரே பருவத்தில் மேல்தோல் வழுக்கையாகிவிடும். பயிற்சிக்கு ரப்பர் பந்து, மேட்சுக்கு முந்தைய சில நாட்களில் மட்டும் மேட்ச் பந்து.

மே மாதத்தில் பெரியகுளத்தில் அகில இந்தியப் போட்டி நடக்கும்போது வாருங்கள். மேட்ச் தொடங்குவதற்கு முன்பே வந்துவிடுங்கள். பெரிய அணிகளின் ஷூட்டர்கள் வார்ம் அப்பில் எங்கே தொடங்குகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். த்ரீ பாயின்ட் கோட்டில் தொடங்குகிறவர் எத்தனை பேர், ரிங்குக்குக் கீழே ஒற்றைக் கையோடு தொடங்குகிறவர் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

எண்கணக்கன் (சென்னை)

நோட்டில் எழுதும்போது ஃப்ரீ த்ரோவையும் த்ரீ பாயின்டரையும் ஒரே வரிசையில் எழுதாதீர்கள் தம்பி. கூட்டினால் இரண்டுக்கும் உதவாத ஓர் எண் வரும். இடத்துக்கு ஒரு வரிசை, களைப்போடு போட்டதற்குத் தனி நிற மை. மாதக் கடைசியில் இங்கே போடுங்கள், சராசரி நான் எடுத்துத் தருகிறேன்.